மேலூர் மேல ஒரு ரவுண்டு போலாமா? வீட்டுல இருந்தே விமானம் ஓட்ட ஒரு ஏ டு இஸட் கைடு!

மேலூர் பஸ் ஸ்டாண்டுல மாட்டுத்தாவணி பஸ் ஏறி ஜன்னல் சீட் புடிச்சிருக்கீங்களா? நரசிங்கம்பட்டி தாண்டினதும் யானைமலை வந்துடும். யானை படுத்திருக்கிற மாதிரியே இருக்கும்னு சின்ன வயசுல இருந்து நமக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. சரி... அந்த யானையோட முதுகை மேல இருந்து பார்த்திருக்கீங்களா?

டிக்கெட் வேணாம், பாஸ்போர்ட் வேணாம். ஒரு போனோ, பழைய லேப்டாப்போ இருந்தாலே போதும். மதுரை ஏர்போர்ட்ல இருந்து மேலூர் வரைக்கும் ஒரு சின்ன விமானத்துல நீங்களே ஓட்டிட்டு வரலாம். நேர்கோட்டுல பார்த்தா சுமார் 35 கிலோமீட்டர்தான். 10 நிமிஷத்துல வந்துடலாம். இதுக்குப் பேர்தான் ஹோம் ஃப்ளைட் சிமுலேஷன். எதை டவுன்லோடு பண்ணணும், எதை வாங்கவே கூடாது, முதல் விமானத்தை எப்படி எடுக்கறது, இதை வெச்சு பைலட் ஆக முடியுமா... எல்லாத்தையும் பார்த்துடலாம்.

இது கேமா, ட்ரெயினிங்கா?

ஃப்ளைட் சிமுலேட்டர் கம்ப்யூட்டர்ல பொறந்தது இல்ல. 1929-ல அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். பியானோ, ஆர்கன் செய்யறதுதான் அவங்க குடும்பத் தொழில். ஆர்கனுக்குக் காத்து அடிக்கிற துருத்திகளை வெச்சே, ஒரு குட்டி விமானக் கூண்டை முன்ன பின்ன சாயவும் திரும்பவும் வெச்சார். ஆரம்பத்துல அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்ல வேடிக்கைப் பொருளாத்தான் பார்த்தாங்க. 1934-ல அமெரிக்க ராணுவ பைலட்டுகள் தபால் விமானங்களை ஓட்டப்போய், மோசமான வானிலையில அடுத்தடுத்து விபத்துகள்ல செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் ராணுவம் லிங்க்கோட பெட்டியைத் தேடி வந்துச்சு. மேகத்துக்குள்ள கண்ணு தெரியாதப்ப கருவிகளை மட்டும் நம்பி ஓட்டறதுக்கு, தரையிலயே உட்கார்ந்து பழகற வித்தை அது.

அந்த வித்தை 1982-ல மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரா கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. அதோட புதுப்பிறவி 2020 ஆகஸ்ட்லயும், அடுத்த பதிப்பு 2024 நவம்பர்லயும் வெளியாச்சு. இன்னொரு பக்கம் எக்ஸ்-பிளேன். இறக்கையைச் சின்னச் சின்னத் துண்டுகளாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டு மேலயும் காத்து எவ்வளவு விசை கொடுக்குதுன்னு அப்பப்போ கணக்குப் போட்டு விமானத்தைப் பறக்க வைக்கிற சாஃப்ட்வேர் அது.

அதனால இதுல எதிரி கிடையாது, பாயின்ட் கிடையாது, லெவல் கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஒண்ணுமே நடக்காம மேகத்தைப் பார்த்துட்டுப் போகலாம். கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் கை வேர்க்கும். அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் உலகம் முழுக்க இத்தனை பேர் இதுல விழுந்து கிடக்கிறாங்க.

கையில என்ன இருக்கு? அதுல இருந்தே ஆரம்பிங்க!

*போன் மட்டும்தான் இருக்கா?* எக்ஸ்-பிளேன் மொபைல்ல அடிப்படைப் பாடங்கள் இலவசம். செஸ்னா 172 விமானத்துல ஏறுறது, திரும்புறது, இறங்குறது எல்லாம் அதுலயே சொல்லிக் கொடுத்துடுவாங்க. போனைச் சாய்ச்சா விமானம் சாயும். இன்ஃபினிட் ஃப்ளைட், ஏரோஃப்ளை மாதிரி ஆப்களும் இருக்கு. எதுலயும் காசு கட்டறதுக்கு முன்னாடி இலவசமா கிடைக்கிறதை ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க.

*பழைய லேப்டாப் இருக்கா?* மூணு வழி. கூகுள் எர்த் ப்ரோவுல கன்ட்ரோல், ஆல்ட், ஏ மூணு கீயையும் சேர்த்து அழுத்தினா, உள்ளுக்குள்ள இருக்கிற ஒரு சிமுலேட்டர் திறக்கும். மேலூரைத் திரையில கொண்டுவந்து வெச்சுட்டு, அந்த இடத்துக்கு மேல இருந்தே பறக்க ஆரம்பிக்கலாம். ரெண்டாவது, ஜியோ-எஃப்எஸ். இன்ஸ்டால் எதுவும் வேணாம், பிரவுசர்லயே ஓடும். மூணாவது, ஃப்ளைட்கியர். 1990-கள்ல இருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிட்டு வர்ற திறமூல சாஃப்ட்வேர். மொத்தமும் இலவசம். பார்க்க கொஞ்சம் பழசா இருந்தாலும், இதுல வர்ற செஸ்னா ரொம்ப நுணுக்கமா செஞ்சது.

*கேமிங் பிசி இருக்கா?* மைக்ரோசாஃப்ட் 2020 பதிப்புக்குக் குறைஞ்சபட்சம் 8 ஜிபி ரேம், 150 ஜிபி இடம் வேணும்னு அவங்களே சொல்றாங்க. நடைமுறையில 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தாத்தான் நிம்மதி. 2024 பதிப்புக்கு ஆரம்பமே 16 ஜிபி. ரெண்டுமே தரைப்படங்களை இன்டர்நெட்ல இருந்து இழுத்துக்கிட்டே இருக்கும். தினம் ஒன்றரை ஜிபி போன் பிளானை ஹாட்ஸ்பாட்ல போட்டு இதை ஓட்டலாம்னு நினைச்சா, மதுரையைத் தாண்டறதுக்குள்ள டேட்டா தீர்ந்துடும். எக்ஸ்-பிளேன் வாங்கற ஐடியா இருந்தா, அதோட இலவச டெமோவை முதல்ல போட்டுப் பாருங்க. உங்க பிசி தாங்குமா, தாங்காதான்னு காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

ஜாய்ஸ்டிக் வாங்கணுமா?

வாங்கலாம், ஆனா இப்போ இல்ல. இந்தப் பொழுதுபோக்குல காசு வீணாகிறது பெரும்பாலும் முதல் மாசத்துலதான். வீடியோ பார்த்துட்டு யோக், த்ராட்டில் செட், ரடர் பெடல்னு ஆர்டர் போடறது, ரெண்டு மாசத்துல அது பரண் மேல ஏறுறது. இது நிறைய வீட்டுல நடக்குற கதை.

ஒரு சிம்பிள் ரூல் வெச்சுக்கங்க. கீபோர்டுலயோ போன்லயோ 30 தடவை ஒழுங்கா லேண்ட் பண்ணின அப்புறமும் ஆசை இருந்தா வாங்குங்க. வீட்டுல ஏற்கெனவே கேம் கன்ட்ரோலர் இருந்தா, அதுவே ரொம்ப நாளைக்குப் போதும். ஜாய்ஸ்டிக்தான் வேணும்னா, கைப்பிடியைத் திருகினா ரடர் வேலை செய்யற மாடலைப் பாருங்க. சில ஆயிரம் ரூபாய்ல கிடைக்கும். தனியா பெடல் வாங்குற செலவு மிச்சம்.

முதல் பயணம்: மதுரை டு மேலூர்

ஏர்போர்ட் தேடற இடத்துல VOMD-ன்னு ஆங்கிலத்துல அடிக்கணும். அதாவது வி, ஓ, எம், டி. மதுரை ஏர்போர்ட்டோட சர்வதேச அடையாளக் குறியீடு அது. விமானம், செஸ்னா 172. 1955-ல முதன்முதலா பறந்தது. உலகத்துலயே அதிக எண்ணிக்கையில தயாரிக்கப்பட்ட விமானம் இதுதான். ஓட்டிப் பழகறவங்க செய்யற தப்பையெல்லாம் பொறுத்துக்கும். முதல் நாள் வானிலையைத் தெளிவா, காத்து இல்லாம வெச்சுக்கங்க.

மதுரையில ஒரே ரன்வேதான். நீளம் சுமார் 2,285 மீட்டர். ஒரு முனையில 09, இன்னொரு முனையில 27-னு எழுதியிருக்கும். அது திசைகாட்டி எண். 09-னா 90 டிகிரி, கிழக்கு. 27-னா 270 டிகிரி, மேற்கு. விமானம் எப்பவும் எதிர்க்காத்துலதான் ஏறும், இறங்கும். நிஜ வானிலையில ஓட்டறப்ப, தென்மேற்குப் பருவக்காத்து வீசற மாசங்கள்ல 27, வடகிழக்குப் பருவத்துல 09-னு மாறுறதைக் கவனிங்க. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின பருவக்காத்து, அப்போதான் நிஜமாப் புரியும்.

நாம இப்போ 09-ல நிக்கிறோம். த்ராட்டிலை முழுசா தள்ளுங்க. மூக்கு இடது பக்கம் இழுக்கும், ரடரால நேராக்குங்க. வேகம் 55 நாட் தொட்டதும் மெதுவா இழுங்க. ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர். தரை விட்டாச்சா? அவசரப்பட்டு மூக்கைத் தூக்காதீங்க. 75 நாட் வேகத்துல நிதானமா ஏறட்டும். வேகம் குறைஞ்சுக்கிட்டே போறப்ப மூக்கைத் தூக்கிட்டே இருந்தா, இறக்கை மேல காத்து ஒட்டாம பிரிஞ்சு விமானம் சடார்னு விழ ஆரம்பிக்கும். இதுதான் ஸ்டால். அப்போ இழுக்கத் தோணும். இழுக்காதீங்க. மூக்கை இறக்கி, பவர் கொடுத்தா விமானம் திரும்ப உசுரு புடிச்சுடும்.

2,500 அடிக்கு வந்ததும் இடது பக்கமா திரும்பி, திசைகாட்டியில 50 டிகிரி வெச்சுக்கங்க. இப்போ இடது ஜன்னலைப் பாருங்க. மதுரை மொத்தமும் அங்கேதான் இருக்கு. தெப்பக்குளத்தோட சதுரம் தெரியும். விரகனூர் பக்கம் வைகையைக் குறுக்கே கடப்பீங்க. கொஞ்ச நேரத்துல அதே இடது பக்கம், நீளமான ஒரு மொட்டைப் பாறை. யானைமலையேதான்! அதை ஒட்டிப் போற நாலு வழிச் சாலையைக் கண்ணால புடிச்சுக்கிட்டே போனா மேலூர்.

சாட்டிலைட் படம் வெச்ச சிமுலேட்டர்ல ஓட்டினீங்கன்னா, இங்கேதான் ஒரு ஆச்சர்யம். தரையில நாம கரை மேல நடந்துபோற கண்மாய்கள் எல்லாம் மேல இருந்து பிறை பிறையா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கும். ஒரு கண்மாய் நிறைஞ்சா மிச்சத் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போற மாதிரி நம்ம முன்னோர் கோத்து வெச்ச மாலை. அது மாலைன்னு தரையில இருந்து தெரியாது. பெரியாறு கால்வாய் எந்த வழியா வருது, அதோட தண்ணி பாயற பச்சை எங்க முடியுது, கிரானைட் குவாரிகள் எந்த மலையைச் சதுரம் சதுரமா வெட்டியிருக்கு, டங்ஸ்டன் போராட்டத்துல பேர் அடிபட்ட அரிட்டாபட்டி மலைகள் எங்க இருக்கு... எல்லாம் ஒரே பார்வையில தெரியும். நியூஸ்ல தனித்தனியா படிச்சதெல்லாம் ஒரே படமா சேர்றது இங்கதான்.

ஏறுறது ஈஸி... இறங்குறதுதான் மேட்டர்!

நான் முதல் தடவை இறங்கினது ரன்வேயில இல்ல, பக்கத்துல ஒரு கண்மாய்க்குள்ள. நீங்களும் விழுவீங்க. இப்படிச் செஞ்சா கம்மியா விழலாம்.

மேலூர்ல இருந்து 200 டிகிரியில தெற்கே வாங்க. ரன்வேக்கு நேர் கிழக்கே வந்ததும் வலது பக்கம் திரும்பி 270 புடிங்க. கிட்டத்தட்ட 10 கடல் மைல் தூரத்துல ரன்வே 27 நேரா எதிர்ல இருக்கும்.

*உயரம்:* ரன்வேயில இருந்து 3 கடல் மைல் தூரத்துல, தரையில இருந்து 1,000 அடி உயரத்துல இருக்கணும். மதுரை ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருந்து சுமார் 460 அடி உயரத்துல இருக்கு. அதனால மீட்டர்ல 1,460 காட்டணும். இதை மறந்துட்டு மீட்டர்ல 1,000 பார்த்தா, பாதி உயரம்தான் மிச்சம்.

*இறங்கற வேகம்:* நாட்ல இருக்கிற வேகத்தை 5-ஆல பெருக்குங்க. 65 நாட்டுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 325 அடி. உலகம் முழுக்க பைலட்டுகள் மனக்கணக்கா போடறது இதுதான்.

*விளக்குகள்:* ரன்வே ஓரத்துல வரிசையா நாலு விளக்கு. ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்புன்னா சரியான பாதை. நாலும் வெள்ளைன்னா ரொம்ப உயரம். நாலும் சிவப்புன்னா ரொம்பத் தாழ்வு, உடனே பவர் கொடுங்க.

தரைக்குப் பத்தடி இருக்கறப்ப பவரைக் குறைச்சு, மூக்கை லேசா தூக்கி, விமானத்தை இறங்க விடாம புடிச்சு வையுங்க. அதுவே களைச்சுப்போய் உட்காரும்.

'இன்னொரு ரவுண்டு'ங்கிறது தோல்வி இல்ல

இதைத் தனியா சொல்லணும். பாதை சரியில்ல, வேகம் அதிகம், ரன்வே பாதி தாண்டிடுச்சுன்னா இறங்காதீங்க. முழு பவர் கொடுத்து மேல ஏறி, சுத்தி வந்து திரும்ப முயற்சி பண்ணுங்க. இதுக்குப் பேர் கோ-அரவுண்ட்.

2020 ஆகஸ்ட் 7-ம் தேதி நடந்த கோழிக்கோடு விபத்து ஞாபகம் இருக்கா? துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில ரன்வேயைத் தாண்டி பள்ளத்துல விழுந்துச்சு. 21 பேர் இறந்தாங்க. பின்காத்தோட வந்த விமானம், ரன்வேயில ரொம்ப தூரம் தள்ளித்தான் தரையைத் தொட்டுச்சு. பக்கத்துல இருந்த பைலட் கோ-அரவுண்ட்னு சொல்லியும் இறக்கம் தொடர்ந்துச்சுன்னு அரசோட விசாரணை அறிக்கை சொல்லுது. அனுபவசாலிகளுக்கே, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இறங்கிடலாம்'ங்கிற எண்ணத்தை உதறுறது எவ்வளவு கஷ்டம் பாருங்க. சிமுலேட்டர்ல அதை உதறிப் பழகலாம். பத்து லேண்டிங்ல மூணு கோ-அரவுண்ட் பண்ணினா, நீங்க மோசமான பைலட் இல்ல, நல்ல பைலட்.

அடுத்து எங்க போகலாம்?

*ராமேஸ்வரம்:* மேப் வேணாம். வைகையைப் புடிச்சுக்கிட்டே போங்க. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், அப்புறம் பாம்பன். செஸ்னாவுல முக்கால் மணி நேரத்துக்குள்ள கடல் தெரியும்.

*கொடைக்கானல்:* ஊரே சுமார் 7,000 அடி உயரத்துல இருக்கு. 460 அடியில கிளம்பற குட்டி விமானத்துக்கு அது பெரிய ஏத்தம். நேரா மலையைப் பார்த்துப் போனா மோதிடுவீங்க. சமவெளியிலயே வட்டமடிச்சு உயரம் ஏத்திக்கிட்டு அப்புறம் போகணும்.

*சென்னை:* சுமார் 225 கடல் மைல். ஏடிஆர், ஏர்பஸ் மாதிரி பெரிய விமானத்துக்கு மாறுறப்ப முதல்ல பழக நல்ல ரூட்.

நிஜக் குரல்ல பேசற கன்ட்ரோல் டவர்

தனியா ஓட்டி போர் அடிச்சா வாட்சிம், இவாவோ ரெண்டையும் பாருங்க. வாட்சிம் 2001-ல ஆரம்பிச்சது. ரெண்டுமே இலவசம். ஒருத்தர் பைலட்டா ஓட்ட, இன்னொருத்தர் அவர் வீட்டுல உட்கார்ந்து கன்ட்ரோலரா நிஜக் குரல்ல வழிகாட்டுவார். 13 வயசு ஆகியிருக்கணும். பேச்சு இங்கிலீஷ்லதான். பயப்படாதீங்க, இது சரளமா பேசற இங்கிலீஷ் இல்ல. சொன்னதைத் திரும்பச் சொல்ற இங்கிலீஷ். உயரம், திசை, ரன்வே எண். ஒரு இருபது சொற்றொடர் பழகினா போதும். புரியலைன்னா 'சே அகெயின்'னு கேட்கலாம். நிஜ பைலட்டுகளும் அதைத்தான் கேட்கறாங்க.

நம்ம ஊர் படத்துல தப்பா இருந்தா?

2020-ல மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் வந்த புதுசுல, ஆஸ்திரேலியாவோட மெல்போர்ன்ல சாதாரண வீடுகளுக்கு நடுவுல 212 மாடி கோபுரம் ஒண்ணு நின்னுச்சு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல யாரோ 2 மாடிங்கிறதை 212-னு அடிச்சதுதான் காரணம்! அந்த மேப்பை எழுதறது நம்மை மாதிரி ஆளுங்கதான். எக்ஸ்-பிளேனும் சாலை, ரயில் பாதைக்கு அதைத்தான் நம்பியிருக்கு. உங்க தெரு, கண்மாய், கோயில் பேர் அதுல விட்டுப்போயிருந்தா நீங்களே சேர்க்கலாம். எக்ஸ்-பிளேன்ல ஏர்போர்ட்டுகளையே பயனர்கள் வரைஞ்சு அனுப்பலாம்; தேறினா எல்லாருக்கும் போற பதிப்புலயே சேர்த்துடுவாங்க.

இதை வெச்சு பைலட் ஆக முடியுமா?

'சூரரைப் போற்று' பார்த்துட்டு சோழவந்தான் மாறன் மாதிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்ட ஆளுங்க நிறைய பேர் இருப்பீங்க. அதனால நேரடியாவே சொல்லிடறேன். வீட்டு சிமுலேட்டர்ல 1,000 மணி நேரம் ஓட்டியிருந்தாலும், லைசென்ஸ் கணக்குல ஒரு நிமிஷம்கூட சேராது. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் நிஜ வானத்துல பறந்திருக்கணும். கணக்குல வர்ற சிமுலேட்டர் நேரமும் டிஜிசிஏ அனுமதிச்ச கருவிகள்ல மட்டும்தான்.

அந்தப் பயிற்சிக்குப் பல பத்து லட்சம் ஆகும். நிலத்தை வித்தோ, நகையை வெச்சோ கட்டற காசு அது. அதனால ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே டிஜிசிஏ மெடிக்கலை முடிங்க. கண்ணுல நிறம் பிரிச்சுப் பார்க்கறதுல சிக்கல் இருந்தா, பாதிப் பணம் கட்டின அப்புறம் தெரிய வேணாம். எந்த ஃப்ளையிங் ஸ்கூலா இருந்தாலும் நேர்ல போய், விமானங்கள் நிஜமா தினமும் பறக்குதான்னு பாருங்க. பழைய மாணவர்கள் நாலு பேர்கிட்ட பேசுங்க.

அப்போ சிமுலேட்டரால என்ன லாபம்? கருவிகளைப் படிக்கறது, செக்லிஸ்ட்டை வரிசையா முடிக்கறது, ரேடியோப் பேச்சு... இதெல்லாம் பழகியே போகலாம். ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கும். எப்பப் பார்த்தாலும் மீட்டரையே பார்த்துட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்க மறந்துடுவோம். அதை இப்பவே திருத்திக்கங்க. முக்கியமா, பறக்கறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்ல யூனிஃபார்ம் மட்டும்தான் பிடிச்சிருக்கான்னு லட்சங்களைச் செலவு பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாமுக்கும் விமானப்படை பைலட் ஆகறதுதான் கனவு. தேர்வுல 8 பேரைத்தான் எடுத்தாங்க, அவர் வந்தது 9-வது இடம். 'அக்னிச் சிறகுகள்'ல அவரே எழுதியிருக்கார். பிற்பாடு 2006 ஜூன்ல, 74 வயசுல, ஜனாதிபதியா சுகோய் போர் விமானத்துல பறந்தார். அந்த ஒன்பதாவது இடத்துல நிக்கிறவங்க நம்ம ஊர்ல நிறைய. மார்க் பத்தலை, கண்ணு பத்தலை, காசு பத்தலை. அவங்களுக்கும் வானத்துல ஒரு சீட் வேணும்தானே? சிமுலேட்டர் கொடுக்கறது அந்த சீட்டைத்தான்.

இன்னிக்கு ராத்திரி ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு தடவை மேலூர் வரைக்கும் போய்ட்டு வாங்க. நாளைக்குக் காலையில அதே மாட்டுத்தாவணி பஸ், அதே ஜன்னல் சீட். ஆனா யானைமலை வர்றப்ப, அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஹேப்பி லேண்டிங் மக்களே!